நாற்பத்தொரு விநாடி

பதினான்கு மாதமாக என் மேசைமேல்
ஒரு தொலைபேசி இருக்கிறது, சட்டம் கேட்டதால்.
வுப்பர்டாலில் ஜிப் செய்கிற எங்கள் கம்பெனிமேல்
உலகத்தின் எந்த மூலையிலிருந்தும்
எவரும் குறை சொல்லலாம், கட்டணமில்லை.
சுவரொட்டி அடித்து அனுப்பினோம்,
பட்டறைக்கு இரண்டு வீதம்,
ஜெர்மனில், ஆங்கிலத்தில், துருக்கியில்.
ஆணி நாங்கள் அனுப்பவில்லை.

சென்ற ஆண்டறிக்கை, பக்கம் அறுபத்திரண்டு:
பெறப்பட்ட குறைகள், சுழியம்.
டெல்லிங் அந்தச் சுழியத்தை
வென்ற கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார்.
கேக் வெட்டினோம். நானும் தின்றேன்,
ப்ளம் கேக், நன்றாகவே இருந்தது.

சன்னலுக்கு வெளியே தொங்கு ரயில் போகும்.
அதன் கீழே ஆறு.
இந்த ஊர் சாயம் தோய்த்த காலத்தில்
திங்கள் சிவப்பாகவும் செவ்வாய் நீலமாகவும்
ஓடுமாம்.
இப்போது மீன் வந்துவிட்டது.
சாயம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான்
இந்தச் சட்டமென்று நினைக்கிறேன்.
பல்லில்லாத சட்டம் என்கிறார்கள் கான்டீனில்.
பல்லைப் பற்றி எங்களுக்குத் தெரியும்,
மீட்டருக்கு இத்தனை என்று விற்கிறவர்கள்.
ஒன்று விலகினால் போதும்,
மொத்தமும் வாயைப் பிளந்துகொள்ளும்.

நவம்பர், வியாழன், மூன்றரை மணி.
அது அடித்தபோது
என் மேசையில்தான் அடிக்கிறதென்றே தெரியவில்லை.
எடுத்தேன். பெயர் சொன்னேன், கெசீனே ப்ரூக்மன்,
உங்கள் குறை ரகசியமாகக் காக்கப்படும் என்றேன், மனப்பாடம்.
அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் சுற்றியது.
பிறகு இருமல்.
வறண்டது, அடியிலிருந்து,
எதையோ பிடுங்கப் பார்த்து முடியாமல் விட்டுவிடுகிற இருமல்.
இளம் தொண்டை.
தூரத்தில் யாரோ ஒரு பெயர் சொல்லிக் கத்தினார்கள்.
வைத்துவிட்டான்.
நாற்பத்தொரு விநாடி.

படிவம் திறந்தது.
வகை: சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்.
ஒன்றைத் தேர்ந்தால்தான் சேமிக்கும்.
காற்றில் அமிலம் என்றால் முதலாவது.
நுரையீரல் அவனுடையது, அப்படியானால் இரண்டாவது.
தணிக்கைக்குப் போனவர்
வாசலோடு திரும்பியிருந்தால் மூன்றாவது.
கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"குறை என்றால் வாக்கியம் வேண்டும்," என்றார் டெல்லிங்.
"எழுவாய், பயனிலை. இது வெறும் மிஸ்டு கால்."
பெர்லினில் சட்டத்தையே சுருக்கப் பேசுகிறார்களாம்,
அடுத்த வருஷம் இந்தப் பக்கமே இருக்காதாம்.
கெட்டவரில்லை. என் அம்மா செத்தபோது
மூன்று வாரம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்.

கிடங்கில் பெட்டி ஏற்றும் கியாத்தை
மேலே கூப்பிட்டுப் பதிவைப் போட்டேன். விதிப்படி தப்பு.
அலெப்போக்காரர். காஸியான்டெப்பில் ஐந்து வருஷம்
ஜிப் பிடிகளுக்கு நிக்கல் முலாம் பூசியவர்.
ஒருதரம் கேட்டார். இன்னொருதரம் போடச் சொல்லவில்லை.
"தொட்டிக்கு மேலே குனிகிறவன் இருமல் இது," என்றார்.
"உங்கள் சுவரொட்டியில் அரபி இல்லையே.
நம்பரை மட்டும் படித்திருக்கிறான்."

அன்று மாலை
மூன்று வகைக்கும் மூன்று படிவம் நிரப்பினேன்.
சுழியம் இருந்த இடத்தில் மூன்று.
விவரம்: இருமல், நாற்பத்தொரு விநாடி.
மொழி: அதே.
நாள் எழுதினேன். நேரம் எழுதினேன்.
அரபிச் சுவரொட்டிக்கும் ஆணிக்கும் விண்ணப்பம் தனியாக.

பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அந்தக் கத்தல் தெளிவாகவே கேட்டது,
இரண்டே அசை.
பட்டறை முதலாளி காதுக்குப் போனால்
மறுநாள் அந்தத் தொட்டிமேல் வேறொரு பையன் குனிவான்.
காலியாக விட்டேன்.
இங்கேயும் எழுதப்போவதில்லை.